மடியில் ஒரு பை

பஸ் இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் இடுப்பு விசாரிக்க ஆரம்பித்துவிட்டது, பெல்ட்டு எங்கே, பெல்ட்டு எங்கே என்று. பையில் இருக்கு, பேசாமல் இரி என்று பிரம்மசக்தி அதற்குப் பதில் சொன்னாள், மனசுக்குள்ளேதான். மூன்றாவது ஸீட்டு, ஜன்னலோரம். ஒன்றரை வருசமாக அது அவளுடைய இடம். சேரமாதேவி வழியாகப் போகிற அந்த ஐந்து மணி பஸ்ஸில் வேறு யாராவது தெரியாத்தனமாக அங்கே உட்கார்ந்துவிட்டால் கண்டக்டர் அண்ணாச்சியே வந்து எழுப்பிவிடுவார், "எம்மா, அது டிஸ்க்குப் பிள்ளை உக்காருத இடம்லா, பின்னால போங்க" என்று. காலேஜில் பிரம்மசக்தி, வீட்டில் சக்தி, பஸ்ஸில் டிஸ்க்கு. பட்டப்பேர் வைக்க நம்ம ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. முதலில் அவள் அந்த முதுகு வலிப் பெல்ட்டைச் சுடிதாருக்கு உள்ளேதான் கட்டியிருந்தாள். ஒரு நாள் ஒரு அம்மா, "வயசுப்பிள்ள எப்படி அசையாம உக்காந்திருக்கா பாரு, கைப்பிள்ளக்காரி நிக்கா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மறுநாளிலிருந்து சுடிதாருக்கு மேலே கட்ட ஆரம்பித்தாள். கறுப்புப் பட்டை, அரையடி அகலம், யார் கண்ணிலும் தப்பாது. அதன்பிறகு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கைப்பிள்ளைக்காரிகளே எழுந்து இடம் கொடுத்தார்கள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

பெல்ட்டைக் கழற்றியது நாலரை மணிக்கு, காலேஜ் பாத்ரூமில், வகுப்பு முடிந்த கையோடு. இன்றைக்கு நாலாவது புதன்கிழமை. நாள்பட்ட முதுகு வலி உள்ள மாணவிகளுக்கு ஐந்து வாரம் வகுப்பு என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தபோது, தைலம் தேய்ப்பார்கள், காலைத் தூக்கு கையைத் தூக்கு என்பார்கள் என்று நினைத்துத்தான் பேர் கொடுத்தாள். போனால் நோட்டும் பென்சிலும் எடுங்கள் என்கிறார்கள். வலிக்கு நோட்டா. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த சமாச்சாரம் இன்னும் பதினொரு பேருக்கு இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய ஆச்சரியம். ஜெபக்கனி மேடம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பிசியோ. இருபத்தைந்து வயசு இருந்தால் பெரிசு. முதல் நாள் ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை, ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "உங்க முதுகை வரைங்க. கண்ணாடில பாக்குற மாதிரி இல்ல. உள்ளேருந்து எப்படித் தெரியுதோ அப்படி" என்றார். சக்தி வரைந்தாள். ரெண்டு தோள், நடுவில் பின்னல், கீழே இடுப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே பென்சில் போகவே மாட்டேன் என்றது. மேடம் குனிந்து பார்த்து, "இங்க என்னாச்சு?" என்றார். அது தெரியவில்லை என்றாள். "வலிக்கிற இடம்தானே, அது நல்லாத் தெரியணும்லா?" நியாயமான கேள்விதான். இருபத்துநாலு மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியவில்லை. பக்கத்துப் பிள்ளை அதே இடத்தில் தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டையைப் போட்டு வைத்திருந்தாள். ரெண்டு பேரும் ஒருத்தி நோட்டை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். சிரித்ததில் முதுகு வலிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் சக்திக்கு ஞாபகம் வந்தது.

பஸ் கிளம்பியது. ஆர்ச்சைத் தாண்டினால் பேட்டை வரைக்கும் நாலு வேகத்தடை, அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் முன்ஸீட்டுக் கம்பியைப் பிடித்து, மூச்சை அடக்கி, உடம்பை ஸீட்டிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிக்கொள்வாள். முதல் தடை வந்தது. பிடித்தாள், அடக்கினாள், தூக்கினாள். பழக்கம் விடுமா. எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது. தேய்மானம். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "டிஸ்க் லேசாப் பிதுங்கியிருக்கு, கொஞ்சம் தேய்மானமும் தெரியுது, குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்றார். அரை நிமிசம் இருக்கும். பதினெட்டு வயசுப் பிள்ளைக்குத் தேய்மானமா என்று அம்மா கேட்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது. தேய்மானம் என்றால் சக்திக்குத் தெரிந்தது குளியலறைச் சோப்புதான். ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் போகும், கடைசியில் இலை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு நாள் அதுவும் இருக்காது. முதுகும் அப்படித்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். ஒரு தடவை குனிந்தால் ஒரு தடவை தேயும். முப்பது வயசுக்கு மிச்சம் வைக்க வேண்டாமா, நாற்பது வயசுக்கு வேண்டாமா. வார் வைத்த செருப்பை விட்டாள். கோலத்தை விட்டாள். பேனா கீழே விழுந்தால் யாராவது எடுத்துத் தரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்தாள். இத்தனை சேமித்தும் வலி குறையக் காணோம், கூடிக்கொண்டேதான் போனது. கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது.

சோப்பு விசயத்தை ரெண்டாவது வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், தேங்காய் உருண்டைப் பிள்ளை மட்டும், "நான் செருப்புன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். மேடம் சிரிக்கவில்லை. "உங்க முதுகு சோப்பும் இல்ல, செருப்பும் இல்ல. தலமுடி நரைக்கிற மாதிரி உள்ளயும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். வலியே இல்லாம நல்லா வேல செய்யுறவங்க எத்தனையோ பேருக்கு ஸ்கேன் எடுத்தா இதே பிதுக்கம் இருக்கும். உடம்பு உபயோகிக்க உபயோகிக்கப் பலமாகுற ஜாதி" என்றார். அப்படியென்றால் இந்த வலி பொய்யா என்று கேட்டாள் சக்தி. மாமா ஒருத்தர் அப்படித்தான் சொல்லியிருந்தார், படிக்கக் கள்ளம், அதான் வலி என்று. மேடம் அன்றைக்குத்தான் நாய்க் கதையைச் சொன்னார். மேடம் வீட்டு நாய் சும்மா கிடந்த நாய்தானாம். ஒரு தடவை திருடன் வந்துவிட்டான். அன்றிலிருந்து தபால்காரர் வந்தாலும் குரைக்கிறதாம், கொடியில் துணி ஆடினாலும் குரைக்கிறதாம். "குரைக்கிறது பொய்யா? நிஜமாத்தான் குரைக்குது. ஆனா வாசல்ல திருடன் இல்ல. உங்க வலி நிஜம்மா, நூத்துக்கு நூறு நிஜம். அது உங்களக் காப்பாத்தத்தான் பாக்குது, கொஞ்சம் கூடுதலாக் காப்பாத்துது." நூற்றுக்கு நூறு நிஜம் என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சக்தி நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தேங்காய்ப் பிள்ளை அவள் முதுகில், சரியாக அந்த வெற்றிடத்தில், கையை வைத்துக்கொண்டே இருந்தாள். கை வைத்த பிறகுதான் அங்கே முதுகு இருப்பது தெரிந்தது.

பேட்டை. நாலு பேர் இறங்கினார்கள், பத்துப் பேர் ஏறினார்கள். அம்மா இந்நேரம் பீடிக் கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நிற்பாள், நாளைக்கு உள்ள இலையும் தூளும் வாங்க. வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப்பு. மழையோ வெயிலோ, ஐந்தே முக்காலுக்கு அம்மா அங்கே நிற்பாள், சக்தி படியில் கால் வைக்கும் முன்னால் கை நீளும், பையைக் கொண்டா என்று. ஒன்றரை வருசத்தில் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் சக்தி தன் பையைத் தானே தூக்கியதில்லை. அம்மா தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறாள், அது சக்திக்குத் தெரியும். காலேஜ் சேர்ந்த புதிதில் தண்ணி லாரி வந்த அன்றைக்கு, "அந்தக் குடத்தையும் தூக்கிட்டு வந்திருட்டி" என்று சொன்னது அம்மாதான். தூக்கி இடுப்பில் வைக்கும்போதுதான் பளிச்சென்று பிடித்தது. அந்தக் குடத்தை அம்மா அப்புறம் வீட்டிலேயே வைக்கவில்லை, பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். இப்போது அம்மாவுக்குப் பஸ்மேல் சந்தேகம். இந்தக் குலுக்கல்தான் பிள்ளையின் முதுகைத் தின்கிறது என்று. "படிச்சது போதும்ட்டி. நாளைக் கழிச்சி நான் ஒங்கூட வந்து டி.சி. வாங்குதேன். தபால்ல படி. வீட்டுல சாஞ்சிக்கிட்டுப் படி" என்று நேற்றுச் சோறு போடும்போது சொன்னாள். கெஞ்சுகிற மாதிரி சொன்னாள், அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். பாவி மனசு, ஒரு நிமிசம் சரி என்றுகூடச் சொல்லப் பார்த்தது. வேகத்தடை கிடையாது, படி கிடையாது, சுவரில் ரெண்டு தலையணை. ஒன்றரை வருசம் படித்தது பாதியில் நிற்கும், அவ்வளவுதானே. அப்புறம் அந்தத் தலையணையிலேயே முப்பது வயசு வரும், நாற்பது வயசு வரும். யோசித்துச் சொல்லுதேன் என்றாள். இன்றைக்கு ராத்திரி சொல்லியாக வேண்டும்.

இன்றைக்கு மேடம் ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். வலிக்குப் பயந்து நிறுத்தின ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள், சின்னதாக இருக்கட்டும், அதைக் கொஞ்சமாகச் செய்து பாருங்கள், வலி வந்தால் ஓடவும் வேண்டாம், முட்டி மோதவும் வேண்டாம் என்றார். ஒருத்தி சைக்கிள் என்று எழுதினாள். ஒருத்தி தொழுகையில் நெற்றி தரையில் படக் குனிவது என்று எழுதினாள். தேங்காய்ப் பிள்ளை, தம்பியை அடிப்பது என்று எழுதிவிட்டு அதை அடித்துவிட்டு, கோலம் என்று எழுதினாள். சக்தி எழுதியது, பஸ்ஸில் பை. மேடத்துக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரும் பஸ்ஸில் வருகிறவர்தான். கூட்டத்தில் நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதற்கு யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது, பை மட்டும் கைமாறும். சில பேர் மடியில் நாலு பை இருக்கும், முகம்கூடத் தெரியாது. அவள் மடி மட்டும் ஒன்றரை வருசமாகக் காலி. அந்தப் பிள்ளை மடியில் வைக்காதீங்க, அதுக்கு ஆகாது என்று பஸ்ஸே பாதுகாத்தது. எத்தனை நல்ல ஜனங்கள். அந்த நல்லதனத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு வருவது எவ்வளவு தனிமை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். பேட்டையில் ஏறின பத்துப் பேரில் ஒருத்தரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுத்தமல்லிக்கு ரோடு பிரிகிற விலக்கில் கேட்கலாம் என்று நினைத்தாள். சுத்தமல்லி விலக்கு வராமலே இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

வராமல் இருக்குமா, வந்தது. ஒரு அக்கா ஏறினாள், முப்பது வயசு இருக்கும், வேர்த்து வடிய, கையில் பெரிய கட்டைப்பை. பையின் அடி தரையைத் தொட்டுத் தொட்டுப் போகிற கனம். நேரே வந்து மூன்றாவது ஸீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றாள், வேறு இடமா கிடைக்கவில்லை. சக்தி பையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இடுப்பில் அந்த இடத்தில் சுரீர் என்று பிடித்து, தொடை வரைக்கும் இறங்கியது. முடியாது, இன்றைக்கு வேண்டாம், அடுத்த புதன்கிழமை பார்க்கலாம், சீட்டில் எழுதினதை யார் வந்து கேட்கப் போகிறார்கள். கைகள் தாமாகவே ஸீட்டோரம் செருகியிருந்த தன் காலேஜ் பைக்குள் பெல்ட்டைத் தேடிப் போயின. ஜிப்பில் விரல் வைத்த பிறகுதான் அது உறைத்தது. கட்டைப்பை இன்னும் மடிக்கு வரவே இல்லையே. பை அங்கே அந்த அக்கா கையில் தொங்குகிறது. இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பொட்டுக் கனம் இவள்மேல் ஏறவில்லை. அப்புறம் எது வலிக்கிறது. எதுவும் தேயவில்லை, எதுவும் பிதுங்கவில்லை, ஒரு பையைக் கண்ணால் பார்த்தாள், வலித்துவிட்டது. ஒன்றரை வருசமாக எத்தனை தடவை இப்படி நடந்திருக்கும், ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லையே. ஏ நாயே, நீதானா என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. கோபமே வரவில்லை. பாவம், அதுதான் எத்தனை நாளாகத் தூங்காமல் காவல் காக்கிறது.

"அக்கா, பையக் குடுங்க" என்றாள். பஸ் இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள். அந்த அக்கா திரும்புவதற்குள் பின்ஸீட்டிலிருந்து சொர்ணத்தக்கா எக்கிப் பார்த்துவிட்டாள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற சொர்ணத்தக்கா இந்தப் பஸ்ஸின் பாதி நிர்வாகம். "ஏட்டி டிஸ்க்கு, ஒனக்கு எதுக்கு இந்த வேல. பெல்ட்டு எங்கட்டி? நீங்க இங்கன குடுங்கம்மா, அந்தப் பிள்ளைக்கு ஆகாது" என்று கையை நீட்டினாள். அந்த அக்கா பாதியில் பையை இழுத்துக்கொண்டு, "ஐயோ வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள். "இல்லக்கா, குடுங்க. நான் வச்சிக்கிடுதேன்" என்றாள் சக்தி. பை வந்தது. தேங்காய் ரெண்டு, ஒரு தூக்குவாளி, அடியில் ஏதோ துணி மூட்டை. தொடையில் அழுந்தியது. வலித்ததா என்றால் வலித்தது. இவள் வேகத்தடைக்குச் செய்கிற மாதிரி மூச்சைப் பிடித்தாள், பிறகு மெதுவாக விட்டாள். தபால்காரர்தான், திருடன் இல்லை, படு என்று அதனிடம் சொன்னாள். அது படுக்கவில்லை. கொஞ்ச நேரம் உறுமியது. கல்லூர் வந்தது, போனது. மேற்கு வெயிலில் கண் கூசியது. தூக்குவாளிக்குள் மீன்குழம்பு போலிருக்கிறது, வாசனை வந்தது. யார் வீட்டுக்கோ போகிற குழம்பு, தன் மடியில் உட்கார்ந்து போகிறது என்று நினைக்கச் சந்தோசமாக இருந்தது. கல்லூரைத் தாண்டி ரெண்டு வேகத்தடை, பஸ் குதித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பியைப் பிடிக்க மறந்துபோயிருந்தாள். ரெண்டு கையும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

சேரமாதேவியில் அந்த அக்காவுக்குத் தன் இடத்தைக் கொடுத்து, பையையும் அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். "ஒன் முதுகுக்கு ஒண்ணும் ஆயிராம இருக்கணும்ட்டி" என்று சொர்ணத்தக்கா ஜன்னல் வழியாகச் சொன்னாள். சொன்ன முகம் கோபமாக இல்லை. அம்மா ஸ்டாப்பில் நின்றாள். தோளில் பீடி இலைப் பை, ஒரு கையில் ரேஷன் அரிசிப் பை, இன்னொரு கை வழக்கம்போல நீண்டிருந்தது. சக்தி தன் பையைக் கொடுக்கவில்லை. தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் சொன்னதையே சொன்னாள். "பையக் குடும்மா." அம்மாவுக்குப் புரியவில்லை. எந்தப் பை என்றாள். "ஒங் கையில இருக்குதுலா, அது." "ஏட்டி, அரிசிட்டி. அஞ்சு கிலோ." "தெரியுது. குடு." அம்மா அவள் இடுப்பைப் பார்த்தாள், பெல்ட்டு இல்லாததைப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போனது. "வலிக்குமேட்டி." "வலிக்கும். வலிச்சா ஒடைஞ்சிருமுன்னு அர்த்தம் இல்லம்மா. வீட்டுக்குப் போயி எல்லாம் சொல்லுதேன். நாளைக்கு நீ காலேஜுக்கு வரண்டாம். டி.சி. வேண்டாம். நான் பஸ்ஸுல போவேன்." அம்மா பையின் ஒரு காதை மட்டும் விட்டாள், இன்னொரு காதை விடவில்லை. நாலு எட்டு ரெண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அப்புறம் அதையும் விட்டாள். ஒன்றரை வருசத்துக்கப்புறம் அந்த நேரத்தில் அம்மாவின் கை சும்மா இருந்தது. என்ன செய்ய என்று தெரியாமல் கொஞ்சம் தொங்கியது. பிறகு தானாகவே பின்னால் போய், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இடதுபக்கம், பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. அந்த இடம் சக்திக்கு விரற்கடை அளவு சுத்தமாகத் தெரியும். அழுத்துகிற விதம்கூடத் தெரியும். விடிஞ்சதிலிருந்து பொழுது அடையும்வரை குனிந்து பீடி சுற்றுகிற முதுகு. அதை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எம்மா, ஒனக்கு எத்தன வருசமா வலிக்கி?"

அம்மா தன் கையை யாரோ வைத்த கையைப் போலப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். "அதெல்லாம் யாருட்டி எண்ணுனா. நட" என்றாள். சக்தி நடந்தாள். அரிசிப் பை காலில் இடித்தது, இடுப்பு உறுமிக்கொண்டே வந்தது, வரட்டும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் அம்மா ரெண்டு எட்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். சக்தி நின்றாள். அம்மா வந்து சேர்ந்ததும், அந்த நடைக்கு ஏற்ற மாதிரி சக்தியும் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் அம்மா மெதுவாக நடந்தது தனக்காகத்தான் என்று நினைத்திருந்தாள்.